அணிக்கு உடுப்புத் தோய்க்கும் என் மகனுக்கு

தம்பி,

வருகிற புதன்கிழமை நீ மறுபடியும் அமெரிக்காவுக்குப் போகிறாய். இந்த முறை ஒரு வருடத்துக்கல்ல, மாஸ்டர்ஸ் முடியும்வரை. ஷ்லீரன் மைதானத்தில் நடந்த கூத்துக்குப் பிறகு, சுவிஸில், துன் நகரத்தில் இருக்கிற இந்த மூன்றறை வீட்டுக்குள் நீயும் நானும் மூன்று கிழமையாக முகம் பார்க்காமல் நடமாடுகிறோம். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று நான் சுவருக்குச் சொல்கிறேன். "ஓம்" என்று நீ டெலிபோனுக்குச் சொல்கிறாய். நேரே கதைக்கத் தொடங்கினால் நான் கத்துவேன், நீ சுவிஸ் ஜெர்மனுக்கு மாறி மரியாதையாக என்னை வாயடைக்கப் பண்ணுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை, அப்பாவின் விளையாட்டுக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்காதே. உன்னுடைய அந்த அமெரிக்கன் ஃபுட்போல் மீது எனக்கு இருந்த இளக்காரம் ஒரு சொட்டும் குறையவில்லை. முதலில் அதை முழுக்கச் சொல்லி முடிக்கிறேன்.

போன நவம்பரில், நான் வேலை செய்கிற ஹோட்டலில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து லீவு எடுத்து, முழங்கால் வீங்க விமானத்தில் குந்தியிருந்து உன்னைப் பார்க்க வந்தேன். கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை, தாயை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போவான், நூலகத்தைக் காட்டுவான் என்று நினைத்தேன். நீ சனிக்கிழமை காலை எட்டரைக்கு என்னை ஒரு கார் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனாய். அங்கே பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள் எல்லாம் பச்சைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, காரின் பின்கதவைத் திறந்துவைத்து இறைச்சி சுட்டுக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் பின்னேரம் மூன்றரைக்கு. கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைகூட அவ்வளவு வேளைக்கு வரமாட்டான். ஒரு டொக்டர் என்று அறிமுகப்படுத்தினாய், அவர் நெஞ்சில் பெயின்ட் பூசியிருந்தார். எனக்குச் சுகமில்லாமல் வந்தால் அவரிடம் மட்டும் கொண்டுபோய்விடாதே. உன் பேராசிரியரின் பெயர் என்ன என்று கேட்டேன். யோசித்துப் பாதிப் பெயர் சொன்னாய். பயிற்சியாளரைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவருடைய மனைவியின் நாய்க்கு என்ன பெயர் என்பதுவரை சொல்லி முடித்தாய். இதற்குத்தானா ஒரு வருடம் கடல் தாண்டிப் போனது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு என்னை உன் அறைத் தோழனின் தாயோடு மேலே ஆசனத்தில் இருத்திவிட்டு, நீ கீழே மைதானத்துக்கு ஓடிவிட்டாய். அந்த விளையாட்டை நான் ஒழுங்காகப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லாதே. நாலு செக்கன் ஓடுகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். பிறகு எழும்பி வட்டமாக நின்று கூட்டம் போடுகிறார்கள். ஒரு மணித்தியால ஆட்டம் என்றார்கள், முடிய நாலு மணித்தியாலம் ஆனது. எங்கள் கோயில் நிர்வாக சபைக் கூட்டம்கூட இதைவிட வேளைக்கு முடியும், அங்கேயும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். இடையில் ஒரு பிள்ளை விழுந்து எழும்பவில்லை. வெள்ளைச் சட்டையில் ரத்தம் இருந்தது மேலேயிருந்தே தெரிந்தது. விளையாடியவர்கள் எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள், மேலே ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், என் பக்கத்தில் இருந்த உன் தோழனின் தாய் கண்ணை மூடிச் செபித்தார். அந்தப் பிள்ளையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது கை தட்டினார்கள். உடனே பாண்ட் வாத்தியம் முழங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "எந்தப் பிள்ளை?" என்று கேட்டார். நல்ல மனுசி, எனக்குப் போர்த்திக்கொள்ளத் தன் போர்வையைத் தந்தவர். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அங்கே ஒன்றும் பிடிக்கவில்லை.

உன் அப்பாவின் கழகத்தை மட்டும் நான் விட்டுவைப்பேன் என்று நினைக்காதே. ஊரில் கூட்டிப் பார்த்தாலும் அறுபது வீடு இல்லாத இடத்துக்கு சுவிஸில் ஒரு விளையாட்டுக் கழகம், அதற்கு ஒரு தலைவர், இரண்டு உப தலைவர், ஒரு போசகர். தலைவர் உன் அப்பா. வருடத்தில் ஒரு நாள் ஷ்லீரனில் மைதானம் எடுத்து, சம்பளத்துக்கு ஓடாத ஓட்டத்தை அன்றைக்கு ஓடி, தசை பிடித்து, திங்கட்கிழமை வேலைக்குச் சுகயீன லீவு போடுகிற வீரர்கள். வென்றவனைவிடக் கிண்ணம் உயரம். போதாக்குறைக்கு வருடாவருடம் ஒரு மலர். முன்பக்கத்தில் ஆசிச்செய்தி, பிறகு வாழ்த்துச்செய்தி, பிறகு தலைவரின் உரை, எல்லாம் போட்டு இடம் மிஞ்சினால் விளையாட்டு. இருபது வருடமாக நான் அந்த மைதானத்தின் ஓரத்தில் மட்டன் ரோல்ஸ் பொரித்திருக்கிறேன். யார் வென்றது என்று எனக்கு ஒருமுறையும் தெரியாது. இரண்டு தேசத்து விளையாட்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வித்தியாசம் இறைச்சியில் மட்டும்தான்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்லிவிட்டு என் முதுகைக் காட்டாமல் போனால் சரியில்லை. நான் ஏரிக்கரை ஹோட்டலின் நிலவறையில், லோண்டரியில், பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். இது உனக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஊரில் உள்ளவர்களுக்கும் இங்கேயுள்ள தமிழ் ஆட்களுக்கும் நான் "ஹோட்டலில் வேலை". கோயிலில் ஒருத்தி, "றிசெப்ஷனிலயோ அக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்ததற்காக யாரும் வழக்குப் போட முடியாது. ஏன் மறைத்தேன் என்று நீ கேட்டதில்லை, சொல்கிறேன் கேள். எங்கள் ஊரில் உடுப்பு வெளுக்க என்று ஒரு குடும்பம் இருந்தது. பின்வளவுப் படலைக்கு வெளியே நின்றுதான் பொதியை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மனிதருக்கு என் அப்பாவின் வயது, நான் பத்து வயதில் அவரை "நீ" என்று கூப்பிட்டேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனியாக ஒரு சிரட்டை வேலியில் கவிழ்த்திருந்தது. "கட்டாடி" என்பது அவர்களைச் சொல்லுகிற சொல், எங்கள் வீட்டில் அது ஏச்சு. நான் அகதியாக ஓடிவந்த பையில் உடுப்பு இரண்டுதான் இருந்தது, ஆனால் இந்தச் சொல்லைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். பிறகு உலகத்தில் உள்ள அத்தனை தேசத்தவர்களின் படுக்கைவிரிப்பையும் தோய்த்தேன், அந்தச் சொல் மட்டும் என்னோடு அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை.

நீ வளர்ந்தது தோய்க்கிற இடத்தில்தான். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கீழே ஒரு தோய்க்கிற அறை, இரண்டு கிழமைக்கு ஒரு வியாழக்கிழமை எங்கள் முறை வரும். கீழே மெஷின் ஓட, நீ காயவைக்கிற மெஷினின் மேல் கொப்பியை வைத்து வீட்டுப்பாடம் செய்வாய், சூடாக இருக்கும் என்பதற்காக. வடிகட்டியில் பஞ்சு இருந்தது என்று மூன்றாம் மாடி சுவிஸ் மனுசி கதவில் கடிதம் ஒட்டுவாள். ஏழு வயதில் அதை வாசித்து எனக்கு மொழிபெயர்த்தவன் நீ. "அம்மா, அவ கோவமா எழுதேல்லை, நல்லாத்தான் எழுதியிருக்கிறா" என்று பொய் சொல்வாய். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நீயே வடிகட்டியைச் சுத்தம் செய்தாய். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. மற்றவர்களுக்கு நோகாமல் மொழிபெயர்க்கிற பழக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள், அது உன்னைத்தான் தின்னும்.

போன செப்டெம்பரில் வட்ஸ்அப்பில் கூப்பிட்டாய். "அம்மா, வெள்ளைத் துணியில புல்லுக் கறை எப்பிடி எடுக்கிறது? ரத்தம் எண்டா?" என்று கேட்டாய். உன் சட்டையோ என்று பயந்து, "ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணிதான். சுடுதண்ணி ஊத்தினியோ, அது பிறகு சாகுமட்டும் போகாது. புல்லுக்கு முதல் ஸ்பிரிட் தடவு" என்றேன். பிறகு அடிக்கடி கேட்டாய். அணியின் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்று எடுத்த படம் அனுப்பினாய். விளையாடுகிறாயோ என்று அப்பா கேட்டதற்கு, "இல்லையப்பா, எக்விப்மென்ட் பக்கம் வேலை" என்று தெளிவாகத்தான் சொன்னாய். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. அப்பாவுக்கு அந்த 'இல்லை' காதில் விழவில்லை, தனக்குப் பிடித்ததை நினைத்துக்கொண்டார். நான் நினைக்காமலே இருந்துகொண்டேன். கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

நவம்பரில், அந்த ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, "நான் வேலை செய்யிற இடத்தைக் காட்டுறன் வாங்கோ" என்று மைதானத்தின் கீழே கூட்டிப்போனாய். கதவைத் திறந்ததும் எனக்கு மணம் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக என் தலைமயிரில் இருக்கிற அதே மணம். வரிசையாகப் பெரிய மெஷின்கள், மலையாக வெள்ளைக் காற்சட்டைகள், சேறு, புல், ரத்தம். உன் மேலதிகாரி, வயதான பெரிய மனுசர், என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். கறை எடுப்பதில் உன்னைப்போல ஓர் ஆள் தன்னிடம் இதுவரை இருந்ததில்லை என்றும், இந்தப் பச்சைத்தண்ணி விசயத்தை உனக்குச் சொல்லித்தந்தவர் நான்தான் என்று நீ எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய் என்றும் சொன்னார். நீ மொழிபெயர்த்துக்கொண்டே ஒரு சட்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு நின்றாய். அது முதல்நாள் விழுந்த அந்தப் பிள்ளையின் சட்டை. "தோள்மூட்டு விலகிட்டுதம்மா, வாயும் வெடிச்சிட்டுது. காலமை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்திட்டுத்தான் வாறன். பாவம், தாய் தூரத்தில" என்றாய். அவன் பெயரையும் சொன்னாய். மேலே இருந்த அத்தனை பேரும் மறந்த பெயர் அது.

நான் சிரித்த முகத்தோடு, அந்த மனுசருக்கு விளங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக மெதுவாக, "இந்தக் கட்டாடி வேலை செய்யவோ உன்னைப் பெத்து வளத்தனான்?" என்று கேட்டேன்.

உன் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அந்த மனுசர் நான் என்ன சொன்னேன் என்று உன்னிடம் கேட்டார். நீ இங்கிலீஷில் சொன்னது எனக்கு விளங்கியது. "உங்களுக்கு நன்றி என்று சொல்கிறா" என்றாய். அவர் மறுபடியும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்த பிறகு நீ கோபப்படவில்லை. "அம்மா, இது நீங்கள் செய்யிற வேலைதானே?" என்றாய். "அதாலதானே சொல்லுறன், என்னோட போகட்டும் எண்டு" என்றேன். "நான் உங்களை அப்பிடி ஒரு நாளும் நினைச்சதில்லையே" என்றாய்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். இனிச் சொல்வது உனக்குத் தெரியாது, அதை நான் தெரிந்துகொண்டே செய்தேன் என்பது உன் அப்பாவுக்கும் தெரியாது. நான் திரும்பி வந்து சில மாதம் கழித்து இந்த வருட மலர் அச்சுக்குப் போக இருந்தது. உன்னுடைய ஜக்கெட் படத்தை வைத்து ஒரு பக்கம் தயார் பண்ணிக்கொண்டிருந்த அப்பா, "இவனுக்கு என்னப்பா போடுறது?" என்று என்னைக் கேட்டார். நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் யோசித்தேன், அதுதான் மோசம். "வீரர் எண்டு போடுங்கோ, காணும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் கலர்ப் பக்கத்தில். அப்பா போட்டது பிழையல்ல, நான் போடச் சொன்ன பொய்.

ஜூலையில் நீ ஷ்லீரனுக்கு வந்தபோது அந்த மலரை முதல் முறையாகப் பார்த்தாய். பார்த்து முடிக்க முன்னமே அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், "அமெரிக்கப் பல்கலைக்கழக அணியின் நட்சத்திர வீரர், எங்கள் தலைவரின் புதல்வர்" என்று உன்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிட்டார். நான் ரோல்ஸ் சட்டிக்குப் பின்னால் நின்றேன். நீ மைக்கை வாங்கினாய். "எல்லாருக்கும் வணக்கம். இதில ஒரு பிழை இருக்கு. நான் அங்க விளையாடுறேல்லை, விளையாடுறவையின்ர உடுப்புத் தோய்க்கிறனான். அது எனக்கு அம்மா பழக்கின வேலை" என்றாய். முதலில் சனம் பகிடி என்று சிரித்தது. நீ சிரிக்காததைக் கண்டு பிறகு நின்றது. நேரே மைதானத்தைக் கடந்து வந்து, பொன்னாடையைக் கழற்றி, "இது உங்களுக்குத்தான் அம்மா" என்று என் தோளில் போட்டாய். பக்கத்தில் நின்றவள், கோயிலில் றிசெப்ஷனிலயோ என்று கேட்ட அதே மனுசி, "அப்ப அக்கா, நீங்கள் லோண்டரியிலயோ?" என்று கேட்டாள். நான் பொன்னாடையை இழுத்து எறிந்தேன். அது மட்டன் பிரட்டல் இருந்த தட்டத்துக்குள் விழுந்தது. "விசரன், பகிடி விடுறான்" என்றேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். பின்னேரம்வரை காருக்குள் தனியே போய் இருந்தாய்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அப்பா உன்னை ஏசினார். "சபையில என்ர மானத்தை வாங்கிப்போட்டாய். முதலே சொல்லியிருக்கலாம்தானே!" என்றார். அம்மாவுக்கு நவம்பரிலேயே தெரியும் என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் என் பக்கம் திரும்பியிருப்பார். நீ சொல்லவில்லை. கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் பேசாமல் இருந்தேன். ஏழு வயதில் மூன்றாம் மாடி மனுசியின் கடிதத்தை எனக்கு நோகாமல் வாசித்த பிள்ளை, இருபத்து நாலு வயதிலும் அதைத்தான் செய்கிறது என்று விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை உன்னைப் பார்த்து வெட்கப்பட்டதாகத்தான் நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் அது யாரைப் பார்த்து என்று தெரிந்தது.

ஆகவே கழகத்தின் அங்கத்தவர்களுக்கு: மலரில் என் மகனின் படத்தின் கீழ் இருப்பது பொய். தலைவரில் பிழையில்லை, அவருடைய மனுசி தெரிந்துகொண்டே சொன்ன பொய். அவன் அந்த அணிக்கு உடுப்புத் தோய்க்கிறான். நான் துன்னில் ஒரு ஹோட்டலுக்கு உடுப்புத் தோய்க்கிறேன், றிசெப்ஷனில் நான் நின்றதே இல்லை. அடுத்த மலரில் திருத்தம் போடாவிட்டால் ரோல்ஸ் பொரிக்க வேறு ஆளைப் பாருங்கள்.

உனக்கு இனிச் சொல்ல அதிகம் இல்லை. பேராசிரியரின் முழுப்பெயரையும் பாடமாக்கு. நெஞ்சில் மட்டும் பெயின்ட் பூசாதே. அந்த விளையாட்டைப் பார்க்க நான் இனி வரமாட்டேன், எத்தனை பேர் போர்வை தந்தாலும். வந்தால் கீழே, மெஷின் இருக்கிற இடத்துக்கு வருவேன். உன் மேலதிகாரியிடம் நவம்பரில் நான் உண்மையில் என்ன சொன்னேன் என்பதை நீயே சொல்லிவிடு. இந்த முறை சரியாக மொழிபெயர். தோள்மூட்டு விலகிய பிள்ளைக்கு இப்போது எப்படி என்று எனக்கு எழுது.

பொன்னாடையை மூன்று தரம் தோய்த்துவிட்டேன். எண்ணெய் போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. மஞ்சளுக்கு வெயில்தான் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்து பல்கனியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று மூன்றாம் மாடி மனுசி கதவில் கடிதம் ஒட்டியிருக்கிறாள். இந்த முறை நானே வாசித்தேன், கோபமாகத்தான் எழுதியிருக்கிறாள். புதன்கிழமைக்குள் கறை முழுக்கப் போகாது. போகாவிட்டாலும் அதைப் போர்த்திக்கொண்டுதான் உன்னை ஏற்றிவிட விமான நிலையத்துக்கு வருவேன். எதற்குப் போர்த்தினார்கள் என்று யாரும் கேட்டால், உடுப்புத் தோய்த்ததற்கு என்று சொல்லுவேன்.

அம்மா